போன பணம் எப்போ வரும்?

திண்டுக்கல்

திண்டுக்கல்லில் காலை எட்டு மணிக்குப் பிரியாணி சாப்பிட ஆள் இருக்கிறது. கும்பகோணத்துக்காரனான எனக்கு அந்த நேரத்துக்கு இட்லியும் டிகிரி காபியும்தான் தெரியும். பேகம்பூர்ப் பக்கம் சின்னக் கடை. ஆறு மேசை, ஒரே ஒரு அண்டா. சீரக சம்பா பொடிப்பொடியாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், மிளகு தூக்கலாக இருந்தது. கல்லாவுக்கு மேலே 'கடன் அன்பை முறிக்கும்' என்ற பலகை. இரண்டாவது அண்டா வைத்தால் என்ன என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். "கறிக்கடைக்குச் சாயங்காலம் பணம் கொடுக்கணும். இது வித்தாத்தான் அது. ரெண்டாவது அண்டா நின்னுபோச்சுன்னா நாளைக்கு மொத அண்டாவும் இல்ல."

சின்னத் தொழில்கள் ஒரு ஊரில் தழைக்கவும் இன்னொரு ஊரில் கருகவும் என்ன காரணம் என்று பார்ப்பதற்காகத்தான் தெற்கே கிளம்பியிருந்தேன். தொழில்முனைவோர் பயிற்சிக்குப் போனால் முதலீடு, திறமை, சந்தை என்று பலகையில் எழுதிப் போடுவார்கள். தப்பில்லை. ஆனால் வழியெல்லாம் நான் சந்தித்தவர்கள் முதலில் எடுத்த பேச்சு வேறு: கையைவிட்டுப் போன பணம் எத்தனை நாளில் திரும்பும்?

நாகல் நகர்ச் சந்துகளில் முன்பெல்லாம் அரம் தேய்க்கும் சத்தம் ஓயாது என்றார்கள். இப்போது விசாரித்துத்தான் பூட்டுப் பட்டறைக்குப் போக வேண்டியிருக்கிறது. நான் போனது வீட்டுத் திண்ணையை அடைத்துக் கட்டிய பட்டறை. உள்ளே பெரியவர் ஒருவர் பூட்டுக்கு லீவர் சேர்த்துக்கொண்டிருந்தார். தகட்டில் வெட்டிய லீவர்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். சாவியை நுழைத்துத் திருப்பினார். சிக்குகிற இடத்தை நகத்தால் தொட்டு வைத்துக்கொண்டு, லீவரை வெளியே எடுத்து அரத்தால் இரண்டே இழுப்பு. மறுபடி மாட்டி, காதருகே பிடித்துத் திருப்பிக் கேட்டார். முகம் சரியில்லை. இன்னும் ஒரு இழுப்பு.

"மிஷின்ல செஞ்சா ஒரு சாவி நாலு பூட்டத் திறக்கும். இங்க ஒண்ணோட சாவி இன்னொண்ணுக்குச் சேராது தம்பி."

சுவரில் மாம்பழப் பூட்டுகள் வரிசையாகத் தொங்கின. கள்ளச் சாவி போட்டால் உள்ளிருந்து கத்தி பாய்ந்து விரலைப் பதம் பார்க்கும் பூட்டெல்லாம் இந்த ஊரில் செய்திருக்கிறார்கள். வியாபாரம் எப்படி ஐயா என்றேன்.

"ஆர்டருக்குக் குறைச்சல் இல்ல, பணத்துக்குத்தான் குறைச்சல். பித்தளைத் தகடு ரொக்கத்துக்குத்தான் கொடுப்பான். பாலீஷ் போடுறவனுக்குச் சனிக்கிழமை கூலி. கடைக்காரரு பூட்டு வித்தாத்தான் கொடுப்பாரு. அரசாங்க ஆர்டர்னா கேக்கவே வேணாம், பில் பாஸாகி வர்றதுக்குள்ள பொங்கல் வந்துரும்."

அலிகார் பூட்டு வந்துதான் திண்டுக்கல் பூட்டைக் கொன்றது என்று எல்லாரும் சொல்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் இயந்திரத்தில் அடித்து வரும் பூட்டு, விலை பாதிகூட இருக்காது. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் அலிகார் பூட்டின் விலை ஏறிவிடவில்லை. இதெல்லாம் உண்மை. ஆனாலும் பெரியவரின் மேசையில் கிடந்த பழைய பூட்டு ஒன்று எனக்கு வேறு கணக்கும் சொன்னது. ஏதோ கிராமத்துக் கோயிலின் பூட்டு, அவருடைய அப்பா செய்தது. பூட்டில் ஒரு குறையும் இல்லை. சாவியைத் தொலைத்துவிட்டு எடுத்து வந்திருக்கிறார்கள். ஐம்பது வருஷத்துக்கு ஒருமுறை வாசலுக்கு வருகிற வாடிக்கையாளரை நம்பி எத்தனை குடும்பம் பிழைக்கும்? சரக்கு நன்றாக இருந்தால் வியாபாரம் தானாக வளரும் என்பவர்கள் நாகல் நகருக்கு ஒருமுறை வந்து போக வேண்டும்.

அவருடைய மகன் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். "மாசம் பொறந்தா சம்பளம்" என்றார். வருத்தமாகச் சொன்ன மாதிரி இல்லை.

கிருஷ்ணன்கோவில் சாலை

மதுரையைத் தாண்டி, திருமங்கலத்தில் பிரிந்து, டி. கல்லுப்பட்டி வழியாகத் தென்மேற்கே போகிற சாலை. வலப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வருகிறது. மலையில் மேகம் இருக்கிறது, தரையில் மழை இல்லை. கரிசல் வெடித்துக் கிடக்கிறது. பருத்தி, மக்காச்சோளம், நடுநடுவே சீமைக்கருவேலம். காவிரிக்கரையில் பிறந்தவனுக்கு இந்த நிலத்தைப் பார்த்தால் முதலில் தாகம்தான் எடுக்கும்.

எங்கள் பெரியப்பா கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தார். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறக்கும் என்பதுதான் அந்தக் கடையின் ஆதாரம். தண்ணீர் வந்தால் குறுவை, குறுவை வந்தால் பணம். பெண்ணுக்குச் சீர்வரிசைப் பாத்திரம் எடுக்கிறவர்கள் "அறுவடை ஆனதும் தர்றேன்" என்பார்கள், அவரும் நோட்டில் எழுதிக்கொள்வார். குறுவை பொய்த்தால் சம்பாவுக்கு என்று தள்ளும். அவர் காலமான பிறகு கடையில் மிஞ்சியது பெரும்பாலும் அந்த நோட்டுகள்தான். எங்கள் ஊரில் அதை நாணயக்குறைவாக யாரும் நினைக்கவில்லை. ஆறு வந்தால் பணமும் வரும் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த ஒப்பந்தம். ஆறே இல்லாத இந்தப் பக்கத்தில் எதை நம்பிக் கடன் கொடுப்பார்கள் என்பது எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர்

தமிழக அரசின் முத்திரையில் இருக்கும் கோபுரம் இந்த ஊருடையது என்பார்கள். அதன் கீழே ஆண்டாளைப் பார்க்க வருகிறவர்கள் திரும்பும்போது கையில் ஒரு பெட்டி இல்லாமல் போவதில்லை. சன்னதியைச் சுற்றிய தெருக்களில் பால்கோவாக் கடைகள் தோளோடு தோள் நிற்கின்றன. ஒரே சரக்கு, ஏறத்தாழ ஒரே விலை. இத்தனை கடை எப்படிப் பிழைக்கிறது?

ஒரு கடையின் பின்கட்டுக்குள் விட்டார்கள். நாலு அடுப்பு, நாலு அகன்ற சட்டி. புளியமர விறகு. முந்திரிக்கொட்டைத் தோட்டையும் எரிக்கிறார்கள், அது நின்று எரியுமாம். உள்ளே போன மறு நிமிஷம் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பனியனோடு நின்ற மாஸ்டர் துடுப்பு மாதிரியான நீளக் கரண்டியால் பாலை ஓயாமல் கிண்டிக்கொண்டிருந்தார். முதலில் பால் பொங்கும், பிறகு சுண்டும், சட்டியின் ஓரத்தில் ஏடு படியப் படியச் சுரண்டி நடுவில் தள்ளுகிறார். சர்க்கரை கடைசியில்தான் விழுகிறது. விழுந்ததும் மறுபடி கொஞ்சம் இளகி, பின்னர் சட்டியை விட்டுப் பிரிந்து சுருள ஆரம்பிக்கிறது. "இதுக்கு மேல ஒரு நிமிஷம் விட்டா மணல், ஒரு நிமிஷம் முன்னாடி எடுத்தா கூழ்" என்றார். பத்து லிட்டர் பாலுக்கு மூன்று கிலோ சொச்சம் தேறும். இளஞ்சூட்டோடு ஒரு கரண்டி கையில் வைத்தார். லேசாகப் புகைவாசம். ஊருக்கு வாங்கிப் போகிற பெட்டியில் அந்த வாசம் இருப்பதில்லை.

கல்லாவில் இருந்த அம்மாவிடம்தான் விஷயம் இருந்தது. சுற்றுப்பட்டிகளிலிருந்து விடியற்காலை பால் வருகிறது. பாலுக்கு அன்றன்று பணம் கிடையாது, வாரக் கணக்கு. சர்க்கரைக்கும் மொத்தக் கடையில் ஒரு வாரம் தவணை. பால்கோவா வாங்குகிறவர் மட்டும் ரொக்கம். ஆக, இன்று வாங்கிய பால் இன்றே பணமாகி, பால்காரருக்குக் கொடுப்பதற்கு முன் ஆறேழு தடவை புரண்டுவிடுகிறது. திண்டுக்கல் பெரியவர் ரொக்கத்துக்கு வாங்கிக் கடனுக்கு விற்கிறார். இந்த அம்மா கடனுக்கு வாங்கி ரொக்கத்துக்கு விற்கிறார். இரண்டு பேரின் கைப்பக்குவத்தில் எது உசத்தி என்று என்னால் சொல்ல முடியாது. எந்தக் கடையில் மகன் உட்கார்ந்திருக்கிறான் என்று மட்டும் சொல்ல முடியும். இங்கே பில் போட்டுக்கொண்டிருந்தது மகன்தான்.

"அப்போ ஆபத்தே இல்லையா?"

"ஏன் இல்லாம? ஒரு வாரம் போனா வாசனை மாறிடும். மிச்சம் வச்சா நஷ்டம், குறைச்சுப் போட்டா வந்தவங்க அடுத்த கடைக்குப் போயிருவாங்க. ஆடிப்பூரம், மார்கழின்னா தெரியும். சாதா செவ்வாய்க்கிழமைக்கு எத்தனை லிட்டர் வாங்கணும்னு சொல்லுங்க பார்ப்போம்!"

கெட்டுப்போகும் சரக்கு என்பது சங்கடம்தான். ஆனால் அதுவேதான் இந்தக் கடைகளை ரொக்கத்தில் கட்டிப்போட்டிருக்கிறது. ஒரு வாரத்தில் கெடும் பொருளை மூன்று மாதத் தவணைக்கு யாரும் கேட்பதில்லை.

இவர்களுக்கும் 2019-ல்தான் புவிசார் குறியீடு வந்தது. தமிழ்நாட்டின் எந்தப் பேருந்து நிலையத்திலும் 'ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா' என்ற பெட்டி கிடைக்கிறது. அதில் பாதி இந்த ஊர்ப் பாலைப் பார்த்திருக்காது. அதைப் பற்றி வழக்குப் போடலாமே என்றேன். "ஒரு வழக்குக்கு அலையுற நேரத்துல எத்தனை சட்டி இறக்கலாம்" என்று கேட்டுவிட்டு, அடுத்து நின்றவருக்கு அரைக் கிலோ நிறுக்கப் போய்விட்டார். கோடையில் தீவனம் இல்லாமல் மாடு கறவை குறைவதுதான் அவருடைய கவலை. பால் விலை ஏறினால் பால்கோவா விலையையும் ஏற்றலாம், ஆனால் பக்கத்துக் கடை ஏற்றிய பிறகுதான்.

சிவகாசி

இருபது கிலோமீட்டர் கிழக்கே வந்தால் காற்றின் வாசம் மாறுகிறது: காகிதம், மை, பசை. ஊருக்குள் பட்டாசு வாசம் வராது. ஆலைகள் எல்லாம் வெளியே, ஒன்றுக்கொன்று இடம்விட்டு, வேப்பமரங்களுக்கு நடுவில்.

மழை குறைவு, வெயில் அதிகம், விவசாயத்துக்கு லாயக்கில்லாத மண். 1920-களின் தொடக்கத்தில் ஐய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று வந்தார்கள். ஈரம் இல்லாத காற்று குச்சி காய வசதியாகப் போனது. தீப்பெட்டி மருந்தைத் தொட்டு மத்தாப்பும் பட்டாசும் வந்தன. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வந்தது. அச்சகத்துக்கு வருஷம் முழுக்க வேலை வேண்டுமே, காலண்டரும் டைரியும் நோட்டுப் புத்தகமும் வந்தன. வெயிலை மட்டும் வைத்து இந்த ஊர் எழுந்தது என்று கதை சொல்கிறார்கள். வெயில் ராமநாதபுரத்திலும்தான் இருக்கிறது.

ஆறில்லாத பக்கத்தில் எதை நம்பிக் கடன் கொடுப்பார்கள் என்று நான் கேட்டுக்கொண்டே வந்த கேள்விக்கு இங்கே ஒரு பதில் இருந்தது. இந்தப் பக்கத்து நாடார் வணிகர்கள் ஆற்றை நம்பாமல் ஒருவரையொருவர் நம்பியிருக்கிறார்கள். விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் சிறு தொகை மகமையாக எடுத்துவைத்து உறவின்முறைச் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில்தான் பேட்டைகளும் பள்ளிகளும் வந்தன. காமராஜர் படித்த, 1889-ல் தொடங்கிய விருதுநகர் சத்திரிய வித்யாசாலா அப்படி வந்ததுதான். 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கியைத் தொடங்கினார்கள். 1962-ல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது. மகமைக் கணக்கில் பெயர் இருப்பவன் வாங்கிய கடனைத் திருப்பித் தரவில்லையென்றால் ஊரில் பெண் எடுக்க முடியாது, கொடுக்கவும் முடியாது. அடமானப் பத்திரத்தைவிட அது கெட்டியான பிணை. அந்தச் சமூகத்தில் பிறக்காதவருக்கு அதே தெருவில் அதே வாக்குக்கடன் அவ்வளவு சுலபத்தில் கிடைக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உழைத்தால் எவரும் முன்னேறலாம் என்று சிவகாசியைக் காட்டிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஊருக்கு வெளியே ஒரு சிறிய பட்டாசு ஆலை. இங்கே ஆலைகளை உரிமத்தை வைத்தே அளக்கிறார்கள்: நாக்பூரிலுள்ள மத்திய வெடிபொருள் துறை தருகிற நாக்பூர் லைசென்ஸ் என்றால் பெரியது, மாவட்ட வருவாய் அலுவலர் தருகிற டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்றால் சின்னது. இது சின்னது. வாசலிலேயே கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு அறையும் தனித்தனியாக, எட்ட எட்ட. ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது. அறை வாசலில் பதித்த செம்புத் தகட்டைக் கையால் தொட்டுவிட்டு உள்ளே போகிறார்கள், உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்குவதற்காக. மர நிழலில் உட்கார்ந்து புஸ்வாணக் குழாய்க்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த அக்காமார் இரண்டு பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "கும்பகோணமா? மகாமகம் நடக்கிற ஊருதானே!" பேச்சு நின்றதே தவிர கை நிற்கவில்லை.

உரிமையாளர் கணக்கைத் திறந்து காட்டியதுபோலவே பேசினார். "தீபாவளி முடிஞ்சு ஒரு மாசத்துல வேலை தொடங்கிரும். மருந்துச் சாமானுக்கு உடனே பணம். ஆளுங்களுக்கு அட்வான்ஸ் கொடுத்தாத்தான் வருவாங்க. ஆடிப்பெருக்குக்குப் பூசை போட்டு விற்பனை. வடக்க இருந்து வர்ற வியாபாரி கொஞ்சம் அட்வான்ஸ் கொடுப்பான், மீதி தீபாவளி முடிஞ்சு. பத்து மாசம் போட்ட பணம் பத்து நாளுல திரும்பணும். அந்தப் பத்து நாளுல மழை பேஞ்சாலோ, கோர்ட்டு ஆர்டர் வந்தாலோ, சரக்கு அவன் குடோன்ல, பணமும் அங்கயே."

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பு சேர்த்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை போட்டது. டெல்லியின் காற்றைப் பார்த்தவர்கள் அந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் பணம் பார்க்கும் தொழிலில் ஒரே ஒரு உத்தரவு முழு வருஷத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. பெரிய ஆலை தாங்கும். அதனிடம் ரகமும் உண்டு, வங்கியும் உண்டு. டி.ஆர்.ஓ. லைசென்ஸ்காரர் என்ன செய்வார்? சிலர் அறைகளை உள்குத்தகைக்கு விட்டுவிட்டு முன்கூட்டியே ஒரு தொகையைப் பார்க்கிறார்கள். குத்தகை எடுத்தவர் போட்டதை எடுப்பதற்காக நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் பத்துப் பேரை உட்கார வைக்கிறார். 2012-ல் முதலிப்பட்டி, 2021-ல் அச்சங்குளம் என்று இந்த வட்டாரம் எண்ணிக்கொண்டே போகிற விபத்துகளுக்குப் பின்னால் இந்த அவசரமும் இருந்திருக்கிறது. அச்சங்குளத்தில் இறந்தவர்கள் இருபது பேருக்கும் மேல், முதலிப்பட்டியில் அதைவிட அதிகம். தொழில் வெற்றியைப் பற்றிய பேச்சில் இந்தக் கணக்கை யாரும் சேர்ப்பதில்லை. லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த அக்காமாரை நினைத்தால் சேர்க்காமல் இருக்க முடியவில்லை.

சாயங்காலம் ஒரு அச்சகம். ஆஃப்செட் இயந்திரம் தினசரி காலண்டரின் தாள்களைத் தள்ளிக்கொண்டிருந்தது: தேதி, நட்சத்திரம், ராகுகாலம், மூலையில் ராசிபலன். ஆடிப்பெருக்கன்றுதான் இவர்களும் அடுத்த வருஷத்து காலண்டர் ஆல்பத்தை வெளியிடுகிறார்கள். அதிலிருந்து மார்கழிவரை இரவு பகல் வேலை. "ஜனவரி பத்தாம் தேதிக்கு மேல இது எடைக்குத்தான் போகும். அதனால நாங்க பாதிப் பணம் வாங்காம மிஷின்ல பிளேட் ஏத்த மாட்டோம்" என்றார் முதலாளி. கெட்டுப்போகும் சரக்கின் பலம் இங்கேயும் வேலை செய்கிறது. மற்ற மாதங்களில் பட்டாசுப் பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை, பள்ளி நோட்டு, தேர்தல் வந்தால் சுவரொட்டி. லாபம் இருக்கிறதோ இல்லையோ ஓடிக்கொண்டிருக்க வேண்டும். "மிஷின் நின்னா வட்டி நிக்காதுல்ல அண்ணாச்சி."

பெரிய கம்பெனி ஆர்டர்களில் பணம் எப்படி என்று கேட்டேன். 2006-ல் வந்த சட்டம் சிறுதொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்கச் சொல்கிறது. 2024 ஏப்ரலிலிருந்து, கெடு தாண்டினால் வாங்கியவர் அந்தத் தொகையைச் செலவுக் கணக்கில் காட்டி வரி குறைக்க முடியாது, கொடுத்த வருஷத்தில்தான் காட்டலாம் என்றும் ஆகிவிட்டது. அவருக்கு எல்லாம் அத்துப்படி. "நோட்டீஸ் அனுப்பினா பணம் வரும் அண்ணாச்சி. அடுத்த ஆர்டர் வராது."

ராத்திரி எண்ணெய்ப் பரோட்டா. பொரித்தெடுத்து, நொறுக்கி, மேலே சால்னாவை ஊற்றினார்கள். விருதுநகர்க்காரர்கள் இதைத் தங்கள் ஊர்ச் சொத்து என்பார்கள். சிவகாசிக்காரர்கள் அதைப் பற்றிப் பேசாமல் அடுத்த பரோட்டாவுக்குச் சொல்வார்கள்.

சாத்தூர்

இறங்கியதற்குக் காரணம் சேவு. மிளகாயும் பூண்டும் சேர்த்த காராச்சேவு, சீனி மிட்டாய் போல வாயில் உடைகிறது. நிலையத்தில் பேருந்து நிற்கும் இடைவெளியில் வெள்ளரிப்பிஞ்சு விற்கும் பெண்கள் ஜன்னல் ஜன்னலாக ஓடுகிறார்கள். வண்டி நகர்வதற்குள் பிஞ்சு உள்ளே, காசு வெளியே. இந்தப் பயணத்தில் பார்த்ததிலேயே வேகமான பணச் சுழற்சி அதுதான். கூடையிலிருக்கும் சரக்குக்குக் காலையில் யாரிடம் என்ன வட்டிக்கு வாங்கினார் என்று கேட்பதற்குள் வண்டி புறப்பட்டுவிட்டது.

கோவில்பட்டி

எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் இடைசெவல் பக்கத்தில்தான். கரிசலின் நடு. இந்த ஊருக்குத் தீப்பெட்டி, கடலை மிட்டாய் என இரண்டு தொழில்.

தீப்பெட்டிக்காரர் தன் கதையை விலையிலிருந்து தொடங்கினார். 2007-ல் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாய் ஆனது. அடுத்த உயர்வு 2021 டிசம்பர் 1-ஆம் தேதி, இரண்டு ரூபாய். நடுவில் 14 வருஷம். அந்தப் பதினாலு வருஷமும் மெழுகும் சிவப்புப் பாஸ்பரஸும் அட்டையும் கூலியும் சும்மா இருக்கவில்லை. தனியாக ஒருவர் ஏற்றினால் கடைக்காரர் மற்றவர் பெட்டியை எடுத்துக்கொள்வார். ஒரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் நடுவில் நாணயமும் புழக்கத்தில் இல்லை. கடைசியில் ஐந்து சங்கங்கள் சிவகாசியில் கூடிப் பேசி ஒரே நாளில் ஏற்றின. 600 பெட்டி சேர்ந்தது ஒரு பண்டல். பண்டல் விலையில்தான் அவர் யோசிக்கிறார். "பண்டலுக்குப் பத்து ரூபா நின்னா நான் ராஜா" என்றார்.

இரண்டு ரூபாய் கைக்கு வந்து சேர்வதற்குள் சிகரெட் லைட்டர் வந்துவிட்டது. பத்து ரூபாய்ச் சீன லைட்டர் ஒன்று இருபது தீப்பெட்டியின் இடத்தைப் பிடிக்கும் என்கிறார்கள். இவர்கள் டெல்லிவரை போய் முறையிட்டதில், 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. உடனே உதிரிப்பாகங்களாக வந்து இங்கே பூட்டப்பட்டன. அடுத்த வருஷம் பாகங்களுக்கும் தடை. ஒரு தனி முதலாளியின் சாமர்த்தியம் இங்கே எவ்வளவு சின்னது! எத்தனை நல்ல குச்சி செய்தாலும் அவருடைய வருஷத்தைத் தீர்மானிப்பது சங்கக் கூட்டமும் டெல்லி அறிவிக்கையும்தான்.

கடலை மிட்டாய்க் கடையில் காற்றே இனிப்பாக இருந்தது. வறுத்துத் தோல் நீக்கிய கரிசல் கடலை, தேனிப் பக்கத்து வெல்லம். பாகு பதத்தைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறார்கள். உருட்டித் தரையில் போட்டால் 'டங்' என்று கேட்க வேண்டும். பாகில் கொட்டிய கடலையைப் பலகையில் பரப்பி, சூடு ஆறுவதற்குள் உருளையால் தேய்த்து, கத்தியால் கோடு போட்டு, மேலே இளஞ்சிவப்பும் பச்சையுமாகச் சாயமேற்றிய தேங்காய்த் துருவலைத் தூவுகிறார்கள். 2020 ஏப்ரலில் இதற்கும் புவிசார் குறியீடு வந்துவிட்டது. அஞ்சல் துறை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. முன்பணம் வந்த பிறகு போகும் பொட்டலம் என்பதால் கடைக்கார அண்ணாச்சிக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும்.

நான் போனபோது அப்பாவுக்கும் மகனுக்கும் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. வெளியூர் ஆள் வந்ததைப் பற்றி இரண்டு பேரும் கவலைப்படவில்லை. மகன் பெங்களூருவில் ஒரு சூப்பர் மார்க்கெட்காரரிடம் ஆர்டர் பிடித்திருக்கிறான். வாரம் ஒரு லோடு, பணம் அறுபது நாள் கழித்து, விற்காத பாக்கெட் திரும்பி வரும். அப்பாவுக்கு முதல் வாக்கியம் மட்டும் பிடித்திருக்கிறது.

"வெல்லக்காரன் அறுபது நாளு நிப்பானால?"

"நிக்க மாட்டான். அதுக்குத்தான் பேங்குல ஓவர் டிராஃப்ட் கேக்கச் சொல்லுதேன்."

எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிந்தது. மகன் பேச்சைக் கேட்டால் பாதிக் கோவில்பட்டி மாதிரி இவர்களும் பெரிதாகலாம். பேருந்து நிலையத்து வாடிக்கையை மட்டும் நம்பினால் கடை இப்படியே இன்னொரு தலைமுறை ஓடும், வளராது. ஆர்டர் இரட்டிப்பானால் வெல்லமும் இரட்டிப்பாக வேண்டும். அதற்கான பணம் முதல் லோடு விற்பதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். நன்றாகப் போய்க்கொண்டிருந்த கடைகள் ஆர்டர் இல்லாமல் மூடியதைவிட, ஆர்டர் பெருகித் திணறி மூடியதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதை அங்கே சொல்லவில்லை. குடும்ப விஷயம்.

"மொத லோடு பணம் வரட்டும்ல. அப்புறம் ரெண்டாவது லோட ஏத்துவோம்."

"அந்தப் பணம் வர்றதுக்குள்ள எட்டு லோடு போயிருக்கணும்ப்பா. இல்லைன்னா அவன் வேற ஆளப் பாத்துருவான்."

"எட்டு லோடா?" அண்ணாச்சி மேசையில் விரலால் ஏதோ எழுதிக் கூட்டிப் பார்த்தார். கடைக்கு முன்னால் திருநெல்வேலி வண்டியிலிருந்து இறங்கிய கூட்டம் வந்து நின்றது. கூட்டலைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார்.

"வாங்க, அரைக் கிலோவா, ஒரு கிலோவா?"